பார்த்து வரைந்த தோட்டம்



ஓவியம் பயிலும் பிள்ளை ஒருவன் பிறர் தீட்டிய படத்தை முன்னே வைத்துக்கொண்டு அதனைப் போலவே வரைந்து காட்டினால், ‘பார்த்து வரைந்ததுதானே!’ என்று உதட்டைப் பிதுக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தேர்வு மண்டபத்தில் அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதுவதும், படத்தைப் பார்த்துப் படம் வரைவதும் ஒரே குற்றம் என்பது இவர்கள் எண்ணம் போலும். பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் முன்னதை நான் கண்டித்தே வந்திருக்கிறேன். பின்னதைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. தென்னாட்டில் தைல வண்ண ஓவியக்கலை வேரூன்றிய வரலாற்றை எடுத்துப் பார்த்தால், ‘பார்த்து வரைதல்’ என்னும் இந்த ஏழைப் பள்ளிக்கூடமே பலருக்கு முதற் பள்ளியாகவும், சிலருக்கு ஒரே பள்ளியாகவும் இருந்திருக்கிறது.

தாம்பரத்தில் மின்வண்டி ஏறிச் சில நிலையங்களைக் கடந்தால் பரங்கிமலை வரும். அம்மலைமேல் போர்த்துகீசியர் 1523-இல் எழுப்பிய கோயிலில், மரப்பலகையில் தீட்டிய அன்னையும் குழந்தையுமாகிய ஓவியம் ஒன்று உண்டு. அதனைத் தீட்டியவர் புனித லூக்கா என்பது அடியார்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஆராய நான் இங்கே புகவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். ஐரோப்பாவில் ஓவியர்களின் காவலராக லூக்காவையே கொண்டாடினர். அவர் தீட்டியதாகச் சொல்லப்பட்ட அன்னையின் படத்தை நூற்றாண்டுகள்தோறும் பார்த்துப் பார்த்து வரைந்தனர். நகல் எடுப்பது அவர்களுக்கு வழிபாட்டின் ஒரு பகுதி; இழுக்கு அன்று.

நம் நாட்டுப் பரம்பரை ஓவியரும் அப்படியே. தந்தை வரைந்த கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிந்த துணியால் தட்டி, அடியிலுள்ள பலகையில் அவ்வடிவத்தை இறக்கி மகன் கற்றான். கோடும் வண்ணமும் நகையும் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வந்தன. ஆனால் தைல வண்ணம் அவ்வழியில் வரவில்லை. அதனை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். அறிந்த உள்நாட்டார் மிகச் சிலர். அச்சிலரும் அதனைக் கைமந்திரம்போல் மறைத்தனர்.

மறைப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகப் போய்விடும், வண்ணம் தங்கிவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் அவ்வாறு உலர்வதில்லை. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகித் தோல்போல் ஆகிறது. அதற்கு நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் பிடிக்கும். இத்தாமதமே அதன் வரம். ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தோடு ஈரமாக இருக்கும்போதே இழைத்துவிடலாம். கன்னத்தின் ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்துவிடலாம். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கீழ்ப்பூச்சில் கற்பூரத்தைலம் மிகுந்தும் எண்ணெய் குறைந்தும் இருக்க வேண்டும். மேற்பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே வரவேண்டும். மாறினால், மேலே இறுகிய பூச்சு அடியில் இன்னும் அசைந்துகொண்டிருக்கும் பூச்சின்மேல் நின்று வெடித்துவிடும். கித்தானை எவ்வாறு பசையிட்டு இறுக்குவது, எந்த வண்ணத்தை எதனோடு சேர்ப்பது ஆகிய இவையெல்லாம் முடிந்த படத்தைப் பார்த்தால் தெரியமாட்டா. தீட்டுபவரின் கையைப் பார்க்க வேண்டும்.

கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா தம் பதினான்காம் வயதில், 1862-இல், திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆயில்யம் திருநாள் மகாராஜா அவரை ஆதரித்தார். அரண்மனையில் தைல வண்ணம் அறிந்த ஓவியராக ராமசாமி நாயக்கர் இருந்தார். இளைஞர் அவரை அணுகினார். அவரோ கற்பிக்க மறுத்துவிட்டார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை என்பவரே, தம் ஆசானுக்குத் தெரியாமல் இளைஞருக்குச் சில நுணுக்கங்களைக் காட்டிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆறுமுகம் பிள்ளைக்கு நம் நாட்டில் ஒரு சிலையும் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரைத் தீட்டுவதற்குத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இணங்கவில்லை. தாம் தீட்டும்போது உடனிருந்து பார்க்கலாம் என்ற அளவில் மட்டும் அனுமதி கிடைத்தது. இருபது வயது இளைஞர் பார்த்தார். பகலில் பார்த்ததைத் தனியே தம் கித்தானில் செய்து பார்த்தார். அரண்மனையில் தொங்கிய ஐரோப்பியப் படங்களையும் கண்ணால் அளந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1873-இல், சென்னை நுண்கலைக் கண்காட்சியில், மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கதவைச் சாத்திய இரு ஆசிரியர்களின் மாணவர் என்று அவரைச் சொன்னால் தவறாகாது.

அவர் தீட்டிய தோட்டம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1876-இல் தோழியர் சூழத் தபோவனத்துத் தரையில் சாய்ந்து, தாமரை இலையில் துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையைத் தீட்டினார். அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் அதனை வாங்கிக்கொண்டார். வடமொழிப் பேரறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பு நூலின் முகப்பில் அதனையே அச்சிடச் செய்தார். காளிதாசனின் வனம், ஐரோப்பிய எண்ணெயில், மலையாள நாட்டுக் கையால் உருவாகி, ஆங்கில நூலின் முகப்பில் ஏறியது! அப்படத்தில் பெண்களின் உருவங்களே உயிருள்ளவை. பின்னாலுள்ள மரங்கள் நாடகத் திரையைப் போல் சற்று அடங்கி நிற்கின்றன. உருவத்தைத் தீட்ட மனிதர்கள் முன்னே அமர்ந்தனர். வனத்தைத் தீட்டப் பிறர் தீட்டிய வனமே முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இயற்கைக் காட்சிகளில் அவருடைய தம்பி ராஜராஜ வர்மாவின் கை மேலானது என்பாரும் உளர்.

1894-இல் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கிய பின் அப்படங்கள் வீடுதோறும் சென்றன. பார்த்துக் கற்றவரின் படங்களைப் பார்த்து வேறு பலர் கற்கத் தொடங்கினர். நாடகக் கம்பெனிகளின் திரை ஓவியர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். தர்பார், தெரு, காடு, தோட்டம் என்று கம்பெனிகள் திரை வைத்திருந்தன. தோட்டத் திரையில் கைப்பிடிச் சுவரும் நீரூற்றும் அன்னமும் ரோஜாப் புதரும் இருக்கும். தமிழ்நாட்டில் எவர் வீட்டுத் தோட்டத்திலும் காணாத தோட்டம் அது. ஆயினும் வள்ளியும் கோவலனும் அதிலேதான் உலாவினர். சென்னையில் 1898-இல் பிறந்து அரசினர் கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு இத்தகைய திரைகளைத் தீட்டியவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட அவரும் அவர் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாகித் தமிழர் இல்லங்களை நிறைத்தன. அங்கேயும் குரு வரைந்ததைப் பார்த்து வரைவதே பாடம்.

இனிச் சென்னைக் கலைப்பள்ளிக்கு வருவோம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. முதல் எழுபது எண்பது ஆண்டுகள் அங்கே தூரிகையின் ஓசையைவிடச் சுத்தியலின் ஓசையே மிகுதி. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகியனவே முன்னிடம் பெற்றன. அங்கே ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் இம்மாகாணத்தில் முன்னின்று நடத்தியவர் அவரே. பின்னர்ப் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் நம் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. நாள்தோறும் அந்நிலையத்தில் இறங்கி ஏறும் மாணவர்களுள் எத்தனை பேர் தம் ஊர்ப் பெயருக்கும் ஒரு கலைப்பள்ளித் தலைவரின் உழைப்புக்கும் உள்ள இத்தொடர்பை அறிவார்களோ!

ஓவிய வகுப்பிலோ இங்கிலாந்தில் வகுத்த முறையே ஆட்சி செய்தது. முதலில் அச்சிட்ட தாளைப் பார்த்துக் கோடு. அடுத்துச் சுண்ணாம்புச் சிலையைப் பார்த்து நிழல். இறுதியில்தான் உயிருள்ள உருவம். இம்முறையைச் சிலர் ஏற்கவில்லை. சென்னைப் பள்ளியில் 1884 முதல் தலைவராக இருந்த ஹாவெல், 1896-இல் கல்கத்தாக் கலைப்பள்ளிக்குச் சென்றார். அங்கே ஐரோப்பியப் படங்களின் நகல்களை விலக்கிவிட்டு முகலாயச் சித்திரங்களை மாணவர் முன் வைக்க முற்பட்டார். நியாயப்படி மாணவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு! ‘ஐரோப்பியக் கலையைக் கற்கவிடாமல் எங்களைத் தடுக்கிறார்’ என்று சினந்து மாணவர் ஒரு சாரார் வெளியேறினர். தமக்கென வேறொரு கலைப்பள்ளியும் அங்கே 1897-இல் தோன்றியது. வெள்ளையர் ஒருவர் ‘உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள்’ என்றார். வங்க இளைஞர்களோ ‘உங்கள் நாட்டுக் கலையைக் காட்டுங்கள்’ என்றனர். இவ்விளைஞர்களை அடிமை மனத்தினர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ரவிவர்மாவுக்கு மூடிய கதவு தமக்கும் மூடப்படுகிறதோ என்று அவர்கள் அஞ்சினர் என்பதே என் கருத்து.

மேனாட்டில் பார்த்து வரைவது மாணவனோடு முடிகிற காரியமாக இருந்ததா என்றால், இல்லை. பாரிஸில் 1793-இல் லூவர் அரண்மனை பொதுக் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டபோது, பத்து நாள் கொண்ட புரட்சிக்கால வாரத்தில் பொதுமக்களுக்கு விட்ட நாட்களைவிட, நகல் எடுக்கும் ஓவியர்களுக்கு ஒதுக்கிய நாட்களே மிகுதி. ஆங்கில நாட்டு ரொமாண்டிக் காலத்து நிலக்காட்சி ஓவியர்களுள் தலைசிறந்தவரான ஜான் கான்ஸ்டபிள் 1776-இல் பிறந்தவர். கிளாட் என்னும் பழைய ஓவியரின் படங்களை இளமையிலேயே நகல் எடுத்தார். 1823-இல், நாற்பத்தேழு வயதில், பெயர் பெற்றபின்னும், அதே கிளாடின் ஆட்டிடையன் படம் ஒன்றை அமர்ந்து நகல் எடுத்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் காட்டப்பெற்ற அவர்தம் படங்களைக் கண்ட பிரெஞ்சு ஓவியர் டெலாக்ரோவா, முடிந்துவிட்டதாகக் கருதிய தம் பெரிய ஓவியத்திலேயே மீண்டும் கை வைத்தார் என்பர். கான்ஸ்டபிளின் புல்வெளிப் பச்சை ஏன் உயிரோடிருக்கிறது என்பதற்கு, அது ஒரே பச்சையன்று, பல பச்சைகளின் கூட்டம் என்னும் விடையை அவர் தம் நாட்குறிப்பில் குறித்து வைத்தார்.

அக்கூற்றின் பொருளை நான் படித்து அறியவில்லை, தீட்டித்தான் அறிந்தேன். ஓய்வுபெற்ற பின் சேலையூரில் என் வீட்டு வெளித்திண்ணையில் அமர்ந்து, கான்ஸ்டபிள் 1815-இல் தீட்டிய தம் தந்தையார் வீட்டுப் பூந்தோட்டத்தை ஒரு நூலிலுள்ள அச்சுப்படத்தைக் கொண்டு நகல் எடுத்தேன். மாடிச் சன்னல் வழியே பார்த்த காட்சி அது. அவ்வாண்டுதான் அவருடைய தாயார் காலமானார். மாலை வெயில், முன்புறம் நிழல், நடுவே பூப்பாத்தி, அப்பால் வேலியும் வயலும் மரங்களும். படத்தின்மேலும் கித்தானின்மேலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாக உருவத்தை இறக்கினேன். அது கணக்கு, எவரும் செய்யலாம். வண்ணத்திற்கு வந்தபோதுதான் பாடம் தொடங்கியது. குழாயிலிருந்து பிதுக்கிய பச்சை அப்படத்தில் ஓரிடத்திலும் இல்லை. மஞ்சள் காவியும் நீலமும் சேர்ந்த பச்சை ஓரிடம். செங்காவி கலந்து மங்கிய பச்சை ஓரிடம். வேலியின் அடியில் பச்சையே இல்லை, கருஞ்சிவப்புதான். அதனைத் தள்ளி நின்று பார்த்தால் கண் அதையும் பச்சை என்றே கொள்கிறது! ஒரு வேலியின் அடி நிழலுக்காக நான்கு காலைப்பொழுதுகள் சென்றன. வெறுமனே பார்த்தால் நான்கு விநாடியும் நான் அங்கே நின்றிருக்கமாட்டேன்.

இதனைச் சங்கீதத்தோடு ஒப்பிடலாம். சரளி வரிசை பாடும் குழந்தையையோ, தியாகராஜர் கீர்த்தனை பாடும் வித்துவானையோ நாம் ‘நகல்’ என்று சொல்வதில்லையே. வின்சென்ட் வான்கோ இவ்வெண்ணத்தையே தம் தம்பிக்கு எழுதினார். 1889-90-இல் சான் ரெமியிலிருந்த மருத்துவ விடுதியில் இருந்தபோது, மிய்யே என்னும் ஓவியரின் உழவர் படங்களை இருபதுக்கும் மேல் அவர் தைல வண்ணத்தில் நகல் எடுத்தார். அவர்முன் இருந்தவை வண்ணமற்ற அச்சுப்படங்கள். உருவம் மிய்யேயுடையது; நீலமும் மஞ்சளும் வான்கோவுடையவை. பாட்டு ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்பது போன்ற நிலை.

ஆனால் பார்த்து வரைவதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எனக்குத் தாம்பரத்திலேயே புலப்பட்டது. 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தபோது அதற்குக் கிடைத்தது 365 ஏக்கர் கொண்ட புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தாவர ஆராய்ச்சியில் பேரார்வம் உடையவர். அவரும் துணைவியார் ஆலிசும் அவ்வளாகத்தின் மரங்களைப் பேணுவதில் பெரும்பங்கு கொண்டனர். வேம்பும் புங்கமும் காரையும் களாவும் பனையும் இங்குள்ளவை. நகலை முடித்த கையோடு அம்மரங்களை வரைய முற்பட்டேன். ஆங்கில மாலையின் நீண்ட நீல நிழல் இங்கே இல்லை. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது. வேம்பின் இலை ஒளியில் பச்சையாக இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாகக் கூசுகிறது. நிழலில் செம்மண்ணின் நிறம் கீழிருந்து இலைமேல் ஏறுகிறது. கான்ஸ்டபிளிடம் கற்ற பச்சைகளை அப்படியே இங்கே வைத்தால் வேம்பு எங்கோ ஈர நாட்டு மரமாகிவிடும். பல பச்சைகளைத் தேட வேண்டும் என்பதை அவர் கற்பித்தார். அவை எவை என்பதை வேம்பிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

சென்னை ஓவியர்கள் இவ்வுண்மையை எனக்கு நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டவர்கள். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். வங்கத்தில் அவனீந்திரநாதரிடமும், மேனாட்டு முறையில் இத்தாலிய ஓவியர் ஒருவரிடமும் பயின்றவர் அவர். கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவர் காலத்தில் தூரிகைக்கு அப்பள்ளியில் உரிய இடம் கிடைத்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்வண்டி ஓடத் தொடங்கியிருந்தமையால், புறநகர்ப் பிள்ளைகளுக்கும் எழும்பூர்ப் பக்கம் எட்டும் தொலைவாகிவிட்டது.

தந்தையை இழந்து, குடும்பத்திற்காகத் தந்தி இலாகாவில் பணியாற்றிவிட்டு, 1936-இல் இருபத்தைந்து வயதில் அப்பள்ளியில் சேர்ந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். தென்னையும் ஓடையுமாகிய நிலக்காட்சிகளில் அவர் கை முதலில் தேர்ந்தது. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1954-இல் ஐரோப்பா சென்று வந்தபின் வான்கோ போன்றோரின் வண்ண வேகம் அவர் படங்களில் புகுந்தது. 1957-இல் ராய் சௌத்ரியை அடுத்துப் பள்ளியின் தலைவரானார். ஆனால் மேனாட்டாரைப் போலவே தீட்டுவதில் தேர்ச்சி பெற்ற பின்னர், ‘இது என்னுடையதா?’ என்ற கேள்வி அவரை வருத்தியது. தம் மாணவர்களையும் அக்கேள்வி கேட்கச் செய்தார். ஓவியம் விற்றுப் பிழைக்க இயலாத காலத்தில், அவர்கள் பாதிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பணம் சேர்த்து, நகருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாயிற்று. அரசின் கொடையுமில்லை, செல்வர் தயவுமில்லை. காலையில் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்த்த கைகள் மாலையில் ஓவியம் தீட்டின. அக்கிராமம் இன்றும் அங்கே இருக்கிறது. 2009 முதல் அருங்காட்சியகமும் உண்டு. மாணவர்கள் நேரில் சென்று காணலாம்.

பணிக்கரின் மிகப் புகழ்பெற்ற ஓவிய வரிசை ‘சொற்களும் குறியீடுகளும்’ என்பது. 1963-இல் தொடங்கியது. எழுத்துப்போல் தோன்றிப் படிக்க இயலாத வரிகள், சாதகக் கட்டங்களை நினைவூட்டும் கட்டங்கள், எண்கள், சிறு பறவைகள், மீன்கள் ஆகியன அக்கித்தான்களில் வரிசை வரிசையாக நிற்கும். அதில் தோட்டமுமில்லை, கிளாடுமில்லை, வான்கோவுமில்லை. அவ்வரிசைக்கு வித்திட்டது எது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அவர் கண்ணில் பட்ட, பள்ளி மாணவன் ஒருவனுடைய கணக்கு நோட்டின் ஒரு பக்கம்.